ஸ்டீமர் ஐயங்காரின் ஐந்து வருஷம்

எங்கள் பவானிபூர் தெருவில் திருவேங்கடம் என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். ‘ஸ்டீமர் ஐயங்கார்’ என்று கேட்க வேண்டும். அவர் ஸ்டீமர் ஓட்டியவர் அல்லர். பக்ஷி பாபு என்ற வங்காளி முதலாளியின் சின்னக் கம்பெனியில் பத்து வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தார். அந்தக் கம்பெனிக்கு நான்கு ஸ்டீமர்கள். தினமும் கங்கையில் துறைக்குத் துறை ஆட்களை ஏற்றி இறக்கும். தை மாதம் பிறக்கும்போது கங்காசாகர் மேளாவுக்கு யாத்திரிகர்களைக் கொண்டுபோகும். வருஷம் முழுவதும் கிடைக்காத வரும்படி அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும்.

திருவேங்கடத்துக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு அவருடைய அப்பாவைத் தெரியாது. கும்பகோணத்தில் தாலுகா ஆபீஸில் அவர் கடைசிவரை ‘ஆக்டிங்’ குமாஸ்தாவாகவே இருந்தார். சில மாதங்களுக்கு ஒரு முறை மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் வேலை இல்லை. உத்தரவு வரும் வாரம் வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டார்களாம். அப்படி வளர்ந்தவர் மெட்ரிக் முடித்துக் கல்கத்தா வந்தார். காளிகாட்டில் நம்மூர்க்காரர்கள் நடத்திய மெஸ்ஸில் வெகுகாலம் இருந்தார். போன வருஷம்தான் தைரியம் வந்து ஒரு வீடு பிடித்து, மனைவி அனந்தலக்ஷ்மியையும் இரண்டு குழந்தைகளையும் ஊரிலிருந்து அழைத்து வந்தார்.

அந்தச் சமயம் பார்த்து, துர்கா பூஜை முடிந்த கையோடு பக்ஷி பாபு கம்பெனியை விற்றுவிட்டார். அவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஸ்டீமர் பிடிக்கவில்லை. வாங்கியது கிளைவ் தெருவில் இருந்த மெர்ட்டன் கம்பெனி. கிரெய்க் என்ற துரை படித்துறை ஆபீஸைப் பார்க்க வந்தார். பழைய குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் அந்த மாதத்தோடு கணக்கு முடிந்தது. திருவேங்கடத்தை மட்டும் உட்காரச் சொன்னார்.

“எனக்குக் குமாஸ்தாக்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். நான் வாங்கியது நான்கு பழைய பாய்லர்களை அல்ல. அந்த நான்கு ஸாரங்குகளை நம்பித்தான் வாங்கினேன். அவர்கள் போய்விட்டால் நான் வாங்கியது வெறும் இரும்பு” என்றார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஸாரங் என்றால் ஸ்டீமரின் தலைவர். சக்கரத்தைப் பிடிப்பவரும் அவர்தான், ஆள் சேர்ப்பவரும் அவர்தான். தன் கிராமத்திலிருந்து, தன் உறவிலிருந்து பையன்களைப் பொறுக்கி அழைத்து வருவார். அவர்கள் ஸாரங்கின் பேச்சைக் கேட்பார்களே தவிர, கம்பெனியின் பேச்சைக் கேட்க மாட்டார்கள். ஒரு ஸாரங் எழுந்து போனால் ஒரு ஸ்டீமரே எழுந்து போன மாதிரி.

“சாகர் மேளாவுக்கு நான்கு பேரும் இருக்க வேண்டும். அதற்கு அப்புறமும் இருக்க வேண்டும். அதை நீ செய்தால் கிளைவ் தெருவில் உனக்கு ஒரு மேஜை, நிரந்தரமாக. செய்யாவிட்டால் உனக்கும் என்னிடம் வேலை இல்லை. சரி, அவர்களைப் பிடித்து வைக்க என்ன வேண்டும்?”

திருவேங்கடம் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் பிறந்தது முதல் அவரிடம் தயாராக இருந்தது.

“அவர்களை நிரந்தரமாக்கிவிடுங்கள் சார். ஐந்து வருஷத்துக்குப் பத்திரம் எழுதிவிடலாம். நடுவில் கம்பெனி அவர்களை நிறுத்த முடியாது. அவர்களும் போக முடியாது. ஐந்து வருஷம் முடிந்ததும் ஓர் இனாம்.”

“நான் மூன்று என்று நினைத்திருந்தேன்.”

“ஐந்தே இருக்கட்டும் சார். சந்தோஷப்படுவார்கள்.”

பத்திரத்தை அவரே டைப் அடித்தார். தனக்கு யாராவது இப்படி ஒன்றை நீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடித்தாராம்.

டிசம்பர் பிறந்ததும், ஸாரங்குகள் நெல் அறுவடைக்காக ஊருக்குப் போகும் முன், ஒரு நாள் காலையில் நான்கு பேரையும் படித்துறை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். வக்கீல் ஆபீஸிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆள் வந்திருந்தான். மேஜைமேல் விரல் ரேகை பதிக்க மைப்பெட்டி திறந்திருந்தது. கறுப்புக் கோட்டு படிக்கப் படிக்க, திருவேங்கடம் தனக்குத் தெரிந்த வங்காளியில் சொல்லிக்கொண்டு வந்தார். நான்கு பேரில் மூத்தவர் ஜபேத் அலி. நவகாளிக்காரர், தாடி நரைத்தவர். அவர்தான் பேசினார்.

“எத்தனை வருஷம் பாபு?”

“அஞ்சு.”

“நடுவுல போகணும்னு தோணிச்சுன்னா?”

“போக முடியாது. அதுதானே உங்களுக்கு நல்லது!”

ஜபேத் அலி மைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு மற்ற மூவரையும் பார்த்தார். “நாளைக்கு வர்றோம் பாபு” என்று எழுந்தார்.

மறுநாள் நான்கு ஸ்டீமர்களிலும் புகை இல்லை. படித்துறையில் கூடை கூடையாகக் கத்தரிக்காயும் மீனும் வைத்துக்கொண்டு நின்ற ஜனங்கள் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். ஸாரங்குகள் வரவில்லை. பையன்களும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கிரெய்க் துரை துறைமுகத்திலிருந்து வேறொரு ஸாரங்கைப் பிடித்து வந்தார். அவன் முதல் பயணத்திலேயே ஸ்டீமரை மணல்திட்டில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, பிரயாணிகளோடு தானும் ஒரு படகில் இறங்கிப் போய்விட்டான்.

“சந்தோஷப்படுவார்கள் என்று சொன்னாயே” என்றார் துரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் திருவேங்கடத்துக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம்தான் டில்லியில் இங்கிலாந்து ராஜா தர்பார் நடத்தி, தலைநகரம் இனிமேல் கல்கத்தா இல்லை, டில்லி என்று அறிவித்தார். எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு சந்தானம் சர்க்கார் கணக்கு ஆபீஸில் இருப்பவர். மேல்துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு வந்து திருவேங்கடத்தின் வாசலில் நின்றார்.

“என்ன ஓய், ஸாரங்குகள் வந்தாளா?”

“வரலை.”

“கவர்மென்டே ஊரைக் காலி பண்ணிண்டு போறது. வைஸ்ராயைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்லை. நீர் என்னடான்னா நாலு ஸாரங்கைப் பிடிச்சு வைக்கப் பார்க்கறீர்!”

“வைஸ்ராய்க்குப் போற இடத்திலேயும் சாப்பாடு போடுவா. எனக்கு யார் போடுவா?”

“கும்பகோணத்திலே உம்ம மாமனார் போடுவார்” என்று சிரித்துவிட்டுப் போனார் சந்தானம்.

உள்ளே அனந்தலக்ஷ்மிக்கு அது கேட்டது. வேலை போனால் முதலில் ரயில் ஏறப்போவது தானும் குழந்தைகளும் என்று அவளுக்குத் தெரியும். கணவர் திரும்பவும் மெஸ்ஸுக்குப் போவார். அவள் கூடத்துக்கு வந்தாள்.

“ஏன்னா, அவா ஏன் வரலை?”

“யாருக்குத் தெரியும்? நன்றி கெட்ட ஜனங்கள்.”

“நீங்க கேட்டேளா?”

“எங்கே போய்க் கேக்கறது? எல்லாரும் ஊருக்குப் போயிருப்பா.”

“போயிருப்பான்னா, போயிட்டான்னு யாராவது சொன்னாளா?”

யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

படித்துறையில் பீடி விற்கிறவனை விசாரித்தார். ஜபேத் அலி ஊருக்குப் போகவில்லை, கிதிர்பூரில் இருக்கிறார் என்றான். அங்கே கப்பல் ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. கோட்டும் தலைப்பாகையும் நாமமுமாக அவர் சேற்றில் தாண்டித் தாண்டி வருவதைப் பார்த்து, கொட்டகை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜபேத் அலி எழுந்து நின்றார்.

“மத்ராஜி பாபு! மைப்பெட்டி எங்க? கொண்டு வரலியா?”

“அதைத்தான் கேக்க வந்தேன். ஏன் வரலை? பத்து வருஷமா நமக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும். நான் உங்களுக்குக் கெடுதல் செய்வேனா?”

ஜபேத் அலி வெங்காயத்தை ஓரமாக வைத்தார். ஒரு பையனிடம் இளநீர் வெட்டச் சொன்னார். ஐயங்கார் ஒரு முஸ்லிம் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். இளநீருக்குத் தோஷம் இல்லை என்பதும் தெரியும். திருவேங்கடம் குடித்து முடித்ததும், “வாங்க பாபு” என்று ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு நீண்ட மதில். அதன் வாசலிலிருந்து ஆணும் பெண்ணுமாக வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கட்டிய தகர வில்லை. வரிசை நேராகக் கப்பல் பலகையில் ஏறியது. ஒரு பெண் தலையில் இருந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கரையில் அவளுக்குக் கை காட்ட யாரும் இல்லை.

“கூலி டிப்போ. கடல் தாண்டித் தீவுத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பற இடம்” என்றார் ஜபேத் அலி. “நாங்க தினமும் இந்த வழியாத்தான் ஸ்டீமர் ஓட்டறோம். நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க, பார்த்திருக்க மாட்டீங்க. இவங்களுக்கும் ஒரு கறுப்புக் கோட்டு படிச்சுக் காட்டுவான். மைப்பெட்டி இருக்கும். அஞ்சு வருஷம்பான். நடுவுல போக முடியாதும்பான்.”

திருவேங்கடம் குறுக்கிட்டார். “ஆனா நீங்க கல்கத்தாவிலேயே, கங்கையிலேயே…”

“எங்க அண்ணனுக்கும் கல்கத்தாவுல வேலைன்னுதான் சொன்னாங்க. விரலை வெச்சான். எந்தத் தீவுன்னுகூட இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா.”

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

“அஞ்சு வருஷம்னு சொன்னது துரை இல்லை. நான்தான்” என்றார் திருவேங்கடம். “அவர் மூணுன்னுதான் நினைச்சார்.”

“நீங்களா? நாங்க உங்களுக்கு என்ன பண்ணினோம் பாபு?”

“நல்லதுன்னு நினைச்சேன். எனக்கு ஒருத்தர் அப்படி எழுதிக் கொடுத்தா கண்ணிலே ஒத்திப்பேன்.” அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். உத்தரவு வரும் வாரத்தில் வீட்டில் யாரும் பேசாமல் இருந்ததைச் சொன்னார். ஜபேத் அலி முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியில் சிரித்துவிட்டார்.

“என்னைக் கட்டிப் போடுங்கன்னு கேக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!”

“பக்ஷி பாபுகிட்ட மட்டும் எப்படி இத்தனை வருஷம் இருந்தீங்க? அவர் என்ன எழுதிக் கொடுத்தார்?”

“அவர் என்ன எழுதினார்? அறுவடை முடிஞ்சு நாங்க திரும்பி வர்ற அன்னிக்கு, அவரே படித்துறைக்கு இறங்கி வந்து தட்டுல பான் நீட்டுவார். எடுத்தா அந்த வருஷம் அவருக்கு. எடுக்காட்டி சலாம் சொல்லிட்டுப் போயிடலாம். நான் ஒரு வருஷம் எடுக்காம ரங்கூன் கப்பலுக்குப் போனேன். அடுத்த வருஷம் திரும்பி வந்தேன். ஏன் போனேன்னு அவர் கேக்கவே இல்லை. தட்டை நீட்டினார்.”

திருவேங்கடம் அந்தத் தட்டைப் பத்து வருஷம் பார்த்திருக்கிறார். வெற்றிலை வாங்கிவரப் பையனை அனுப்பியதே அவர்தான். முதலாளி ஏதோ மரியாதைக்கு உபசாரம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். திருவேங்கடத்தின் கல்யாணத்தை நிச்சயம் செய்ததே இரண்டு வீட்டாரும் தாம்பூலம் மாற்றிக்கொண்டுதான். அதற்கு மேல் ஒரு காகிதமும் யாரும் எழுதவில்லை. அங்கே நின்றபோதுதான் அவருக்கு அது தோன்றியது.

மறுநாள் கிளைவ் தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். கிரெய்க் துரை நல்லவர்தான், ஆனால் வியாபாரி.

“ஒரு வெற்றிலையை நம்பி நான் சாகர் டிக்கெட் விற்க வேண்டுமா? ஆட்கள் வராவிட்டால் யாரைப் போய்ப் பிடிப்பேன்? வெற்றிலையையா?”

“என்னைப் பிடியுங்கள் சார்.”

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மணியை அடித்து அந்தப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

“சரி. அப்படியானால் நீ கையெழுத்துப் போடு. ஒவ்வொரு வருஷமும் ஸாரங்குகளைக் கொண்டுவருவது உன் பொறுப்பு. ஐந்து வருஷம் நீ வேறெங்கும் போகக் கூடாது. இந்தத் தை மாதம் ஸ்டீமர்கள் ஓடவில்லையென்றால் இதைக் கிழித்துவிடுவேன், நீ வீட்டுக்குப் போகலாம்.”

பெயர்களை மட்டும் மாற்றி மறுபடி டைப் அடித்தார்கள். அடித்தவர் திருவேங்கடமே. ‘நடுவில் வேலையை விட்டுப் போக இயலாது’ என்ற வரியை அவர் இரண்டாவது தடவை அடித்தார். ஆனால் முதல் தடவையாகப் படித்தார். விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அடித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தின் அடியில் பெருவிரல் ரேகைக்கு ஒரு கட்டம் இருந்தது. கறுப்புக் கோட்டு ஆள் பழக்கத்தில் மைப்பெட்டியை நகர்த்தினான். மெட்ரிக் படித்தவர் ரேகை வைக்க வேண்டியதில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது டிராமில் அந்தக் கையைக் குடைக்கடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஜபேத் அலிக்குச் செய்தி போயிற்று. வருவார்களா என்று யாரும் சொல்லவில்லை. மேளா நெருங்கி, யாத்திரிகர்கள் ரயில் ரயிலாக ஹௌராவில் இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் திருவேங்கடம் படித்துறையில் நின்றார். அனந்தலக்ஷ்மி வீட்டுத் தாம்பாளத்தைத் துலக்கி, வெற்றிலையைத் தானே துடைத்து அடுக்கிக் கொடுத்திருந்தாள். “துரை வைக்கிற லட்சணத்திலே வெச்சா யாரும் எடுக்க மாட்டா” என்றாள். அந்தத் தாம்பாளத்தை இப்போது தொப்பியும் பூட்ஸுமாகக் கிரெய்க் துரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்?”

“அவர்கள் வரும்வரை சார்.”

நான்கு பேரும் வந்தார்கள். பின்னால் பையன்கள் மூட்டைகளோடு நின்றார்கள். ஜபேத் அலி முதலில் தட்டைப் பார்க்கவில்லை. திருவேங்கடத்தின் கையைப் பார்த்தார். எத்தனை தேய்த்தும் போகாத மைக்கறை இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

“பாபு, இது என்ன?”

திருவேங்கடம் சொன்னார்.

“அஞ்சு வருஷமா?” ஜபேத் அலி பின்னால் திரும்பி உரக்கச் சொன்னார். “கேட்டீங்களாடா? மத்ராஜி பாபு விரல் வெச்சுட்டாரு!”

“எந்தத் தீவுக்கு பாபு?” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். படித்துறை முழுவதும் சிரித்தது. திருவேங்கடமும் சிரித்தார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜபேத் அலி ஒரு பான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். நான்காவது ஸாரங் இளையவர். அவர் தட்டின் முன்னால் நின்றார், நெஞ்சில் கை வைத்துச் சலாம் சொன்னார், எடுக்காமல் நகர்ந்துவிட்டார். அவருடைய பையன்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

துரையின் முகம் சிவந்தது. “அவனைக் கூப்பிடு!”

நான்கு பேர் என்பதுதான் பேச்சு. கூப்பிட்டுக் கெஞ்சினால் ஒருவேளை அவர் திரும்பியிருக்கலாம். மற்ற மூவரும் திருவேங்கடம் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜபேத் அலி மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

“விட்டுவிடுங்கள் சார்” என்றார் திருவேங்கடம். “இன்றைக்கு அவரைக் கூப்பிட்டால் நாளைக்கு இந்த மூன்று பேரும் இருக்க மாட்டார்கள்.”

துரை தட்டைப் பார்த்தார், போகிறவரைப் பார்த்தார், பிறகு தட்டைத் திருவேங்கடத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையன்கள் அதற்குள் ஸ்டீமர்களில் ஏறியிருந்தார்கள். ஒரு புகைபோக்கியில் புகை கிளம்பியது.

“மூன்று ஸ்டீமர். ஒரு நடைக்கு இரண்டு நடையாகப் போகச் சொல்” என்றார் துரை. நாலு படி ஏறிவிட்டுத் திரும்பினார். “மேளா முடிந்ததும் கிளைவ் தெருவுக்கு வா. மேஜை போட்டு வைக்கச் சொல்கிறேன்.”

சாயங்காலம் வீட்டில் அனந்தலக்ஷ்மி தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வெற்றிலை மிச்சம் இருந்தது.

“இது யாரோடது?”

“ரங்கூன் பார்க்கணும்னு போயிட்டார் ஒருத்தர். ஜபேத் அலி சொன்னார்.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்லை. சும்மா, பார்க்கணுமாம்.”

“குழந்தை குட்டி இருக்கோ?”

“நாலு.”

அவள் அதை நம்ப முடியாமல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “நமக்கு அஞ்சு வருஷம் நிச்சயம்தானே?” என்றாள்.

“எனக்கு நிச்சயம். அவா வருஷா வருஷம் வந்தாத்தான் எனக்கு மரியாதை. தை பொறக்கறச்சேல்லாம் தட்டைத் தூக்கிண்டு நிக்கணும்.”

“அடுத்த தையை அப்போ பார்த்துப்போம். காளிகாட்டிலே ஒருத்தர் ஆத்துலே கறிவேப்பிலைக் கன்னு இருக்குன்னா. போன வருஷமே தரேன்னா. எத்தனை நாள் இருப்போமோன்னு நான்தான் வாங்கிக்கலை.”

திருவேங்கடம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “கொல்லையிலே வெயில் எந்தப் பக்கம் வரும்?” என்று கேட்டார். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகியும் அவர் அதைக் கவனித்ததில்லை. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய் இடத்தைக் காட்டினாள்.